டயர்ல ஒட்டுன சேறு காட்டை எப்படி சாகடிக்குது?

ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துக்கு கிழக்கால, டார்லிங் மலைப்பக்கம் ஜாரா மரக்காட்டுக்குள்ள நிறைய மண் ட்ராக் போகுது. சிலது ரொம்ப ஈஸி, சரளை மண்ணு, நடுவுல ரெண்டு மூணு சேத்துப் பள்ளம், ஃபோர் வீல் டிரைவ் புதுசா கத்துக்குறவங்களே அலுங்காம ஓட்டிட்டு வந்துடலாம். வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. அந்த சேத்துல ஒட்டிக்கிட்டு வர்ற ஒரு உயிரைப் பத்திதான் சொல்லணும்.

பேரு ஃபைட்டோப்தோரா சின்னமோமி. 1922ல சுமத்ராவுல இலவங்கப்பட்டை மரத்துல கண்டுபிடிச்சதால அந்தப் பேரு. பூஞ்சை மாதிரி தெரிஞ்சாலும் பழுப்புக் கடல்பாசிக்குதான் இது நெருங்கின சொந்தம். அயர்லாந்துல 1845ல உருளைக்கிழங்கை அழிச்சு பஞ்சம் கொண்டுவந்தது இதோட பங்காளிதான்.

மண்ணுல ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தா இது குட்டி குட்டி பைகளை உருவாக்கும், அதுலேருந்து வெளிய வர்ற வித்துக்களுக்கு ரெண்டு ரெண்டு வால், அதை வச்சு மண் துகள்களுக்கு நடுவுல இருக்குற தண்ணியில நீந்தி, வேர்லேருந்து கசியுற சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் மோப்பம் பிடிச்சுக்கிட்டே போய் ஒட்டி, வாலை உதிர்த்துட்டு உள்ள துளைச்சுடும். வேர் அழுகிடும். அப்புறம் கோடை வந்ததும் மரம் தாகத்துலயே செத்துடும், பாக்குறவங்க வறட்சின்னு நினைப்பாங்க. 1920கள்லயே ஜாரா மரங்கள் கூட்டமா சாகுறதை கவனிச்சிருக்காங்க, காரணம் உறுதியானது 1960கள்ல. அந்த நாப்பது வருஷமும் மரம் ஏத்துற லாரியும், நோய் இருந்த இடத்துல தோண்டி ரோட்டுக்கு கொட்டுன சரளையும் இதை காடெல்லாம் கொண்டு சேர்த்துச்சு, நினைச்சாலே வயிறு எரியுது.

தானா வேருக்கு வேர் பரவுனா மேட்டுப் பக்கமா வருஷத்துக்கு சுமார் ஒரு மீட்டர்தான் நகரும். டயர் சேத்துல ஏறுனா அதே மதியம் அடுத்த மலையில இருக்கும்.

தென்மேற்கு ஆஸ்திரேலியாவோட சொந்த செடி வகைகள்ல 40 சதவீதத்துக்கும் மேல இதுக்கு பலியாகக்கூடியது. பேங்க்சியாங்கிற பூச்செடி வகைக்குதான் பெரிய அடி. அந்தப் பூத்தேனையும் மகரந்தத்தையும் நம்பி வாழுற ஹனி பாசம்னு ஒரு குட்டி விலங்கு இருக்கு, எடை 10 கிராம் அளவுதான், பூ போனா அதுக்கும் சாப்பாடு போச்சு. மாரி மாதிரி சில மரங்க இதைத் தாங்கிக்கும், அதான் சில இடங்கள்ல சுத்தி எல்லாம் காஞ்சு கிடக்க மாரி மட்டும் பச்சையா நிக்கும்.

அதனால தரை காஞ்சிருக்கும்போது போங்க, கேட் பூட்டியிருந்தா சுத்தி வழி தேடாதீங்க. காட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே டயர் இடுக்கு, மட்கார்டு, ஷூ அடி எல்லாத்தையும் பிரஷ்ல தேச்சு மண்ணை உதிர்த்துடுங்க, அப்புறமா ஷூ அடியில மெத்திலேட்டட் ஸ்பிரிட்னு கிருமி கொல்லுற ஆல்கஹாலை அடிங்க. மண்கட்டி இருக்குறப்பவே அடிச்சா மருந்து உள்ள போகாது.

பாஸ்பைட்னு ஒரு மருந்தை மரத்தண்டுல ஊசியா ஏத்துறாங்க, அது மரத்தோட சொந்த எதிர்ப்புச் சக்தியை தூண்டி விடும். ஆனா மண்ணுல இருக்குறதை அது ஒழிக்காது, சில வருஷம் கழிச்சு அதே மரத்துக்கு மறுபடி ஊசி போடணும்.