போதைப்பொருள் வழக்கில் பிணை: எதைக் கொண்டு வரவேண்டும்?

திருகோணமலை மேல் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு தாய் சட்டத்தரணியான என்னிடம் நீட்டிய பொலித்தீன் பையில் மகனின் பாடசாலைச் சான்றிதழ்களும் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றுக் கடிதமும் தாயின் சொந்தக் கிளினிக் கொப்பியும் இருந்தன. "சேர், அவன்தான் எங்களுக்கு உழைக்கிறவன்" என்றார். அது உண்மைதான், ஆனால் அந்த உண்மையால் பிணை கிடைப்பதில்லை.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தில் பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு. நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தில், போதைப்பொருளைக் கடத்தல், வைத்திருத்தல் போன்ற குற்றங்களுக்கான 54அ, 54ஆ பிரிவுகளில் இது தலைகீழாகிறது. 83ஆம் பிரிவின்படி "விதிவிலக்கான சூழ்நிலைகள்" இருந்தாலன்றிப் பிணை இல்லை. நீதவானுக்கு அந்த அதிகாரமும் இல்லை. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தத்தின் பின்னர், தூய போதைப்பொருளின் அளவு 10 கிராம் அல்லது அதற்கு மேற்பட்டு, குற்றம் மரண அல்லது ஆயுள் தண்டனைக்குரியதாயின், கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றமே பிணை வழங்கலாம். அதற்குக் குறைந்தால் இங்குள்ள மேல் நீதிமன்றம் போதும்.

பலரும் இடறுவது "தூய" என்ற அந்தச் சொல்லில்தான். பொலிஸார் நீதவானுக்குச் சமர்ப்பிக்கும் பி அறிக்கையில் எழுதுவது கலப்படத்தோடு சேர்த்து நிறுத்த எடை. சட்டம் பார்ப்பதோ அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையிலுள்ள எடை. 14 கிராம் என்று தொடங்கிய ஒரு வழக்கில் பகுப்பாய்வில் 3 கிராம் சொச்சமே தேறியது. அதற்குள் அந்தக் குடும்பம் நகையை அடகு வைத்து, இரவு பஸ்ஸில் கொழும்புக்கு இரண்டு தடவை போய் வந்துவிட்டது.

விதிவிலக்கான சூழ்நிலை எதுவென்று சட்டம் வரையறுக்கவில்லை. வழக்குக்கு வழக்கு நீதிபதியே தீர்மானிக்கிறார். விளக்கமறியலில் ஒருவர் இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் நேரும் கஷ்டம் விதிவிலக்காகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கூறியுள்ளன. கைது நடந்த விதத்தில் முரண்பாடு, சிறையில் சிகிச்சையளிக்க முடியாத நோய்க்கான மருத்துவ அறிக்கை, நியாயமற்ற தாமதம் என்பனவே எடுபடக்கூடியவை. தாமதத்தை ஒரு நீதிபதி ஏற்பார், அளவு பெரிதென்று இன்னொருவர் மறுப்பார். இந்த நிச்சயமின்மை எனக்கு உவப்பானதல்ல. 10 கிராமுக்குக் குறைந்த வழக்குகளில் 12 மாதத் தடுப்புக்காவல் வரம்பு உண்டு, ஆனால் அதை நீடிக்கும்படி சட்டமா அதிபர் விண்ணப்பிக்கலாம்.

அந்தத் தாயின் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில், விளக்கமறியல் நீடிக்கப்பட்ட ஒவ்வொரு தவணையும் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது. ஏழு இடங்களில் "ரிப்போட் வரேல்ல" என்றும் எழுதியிருந்தார். சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த ஏழு தவணைகளின் வழக்கேட்டுக் குறிப்புகளுக்கும் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டு அன்றே விண்ணப்பித்தோம்.