தேதி மறந்தால் அது பொய்யாகிவிடாது

மதுரையில் மனநல ஆலோசகராகப் பணியாற்றும் என்னிடம், சுற்றுவட்டாரத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து பெண்கள் வருவதுண்டு. தலைவலி, படபடப்பு, தூக்கமின்மை என்றுதான் வருவார்கள். அண்மையில் வந்த ஓர் அம்மாவுக்கு வேறொரு காரணமும் இருந்தது. மனித உரிமை ஆவணத்துக்காக அவரைப் பேட்டி கண்ட ஒருவர், அவருக்கு நேர்ந்த பாலியல் வன்முறையை மூன்று முறை சொல்லச் சொல்லி, சொன்ன ஆண்டு மாறியதும், அவர் காதுபடவே “முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறதே” என்று கூறிவிட்டுச் சென்றிருக்கிறார். “நான் பொய் சொல்லுறன் எண்டு நினைச்சிட்டினம் பிள்ளை, அந்தக் கதையை விடுங்கோ” என்றார் அந்த அம்மா. இப்படிக் காயப்பட்டு வருபவர் அவர் முதலாமவர் அல்லர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அது 1990ஆ 1991ஆ என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் ஜன்னலை மறைத்துத் தொங்கிய சாக்கின் ஈர நாற்றத்தையும், வெளியே ஓடிய ஜெனரேட்டரின் சத்தத்தையும் இன்றும் பிசகாமல் சொல்கிறார். உயிர் போகும் அச்சத்தில் இருப்பவர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வரிசை குழம்புவதும், ஒரு முறை விட்டதை மறுமுறை சொல்வதும், பல ஆண்டுகள் கழித்தே வாய் திறப்பதும் இத்தகைய வன்முறைக்கு ஆளானவர்களிடம் நாங்கள் அன்றாடம் காண்பவை. அவற்றைப் பொய்யின் அடையாளமாகக் கொள்வது அறியாமை. மகளுக்குத் திருமணமாகும்வரை பேசக்கூடாது என்று காத்திருந்த தாயிடம் “ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்று கேட்பது கொடுமை. அழாமல், குரல் தடுமாறாமல் சொன்னால் அதையும் சந்தேகிக்கிறார்கள்! உணர்ச்சி மரத்துப்போவதும் பாதிப்பின் ஒரு வடிவம்தான்.

ருவாண்டா இனப்படுகொலைக்காக ஐ.நா. அமைத்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில், அந்நாட்டின் முன்னாள் நகரத் தலைவர் அகாயேசு மீது நடந்த வழக்கில், முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இடம்பெறவே இல்லை. விசாரணையின் நடுவே பெண்கள் அளித்த சாட்சியத்துக்குப் பிறகு, 1997இல்தான் அது சேர்க்கப்பட்டது. அந்த அமர்வின் ஒரே பெண் நீதிபதி, தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை. 1998இல் வந்த தீர்ப்பு, வன்புணர்வும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று முதன்முறையாக நிலைநாட்டியது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் சாட்சியத்துக்குத் தனியாக உறுதிச் சான்று தேவையில்லை என்பது அத்தீர்ப்பாயத்தின் விதி. சர்வதேச நீதிபதிகள் கேட்காத உறுதிச் சான்றை, கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு வருபவர் எந்த உரிமையில் கேட்கிறார்?

பெண்ணின் உடம்பில்தான் சான்று இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் இதே ரகம். வன்புணர்வுக்கு ஆளான பெண்ணின் பிறப்புறுப்பில் விரல்களை விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனையை உடனே தடைசெய்ய வேண்டும் என்று 2022இல் உத்தரவிட்டது நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம்தான். காயம் இல்லை என்பதால் வன்முறை நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஆவணப்படுத்த வருபவர்களுக்குச் சில சொற்கள். ஏற்கெனவே வேறு யாரிடமாவது வாக்குமூலம் கொடுத்திருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். கொடுத்திருந்தால், மீண்டும் சொல்ல வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணை உதவிக்கு உட்கார வைக்காதீர்கள், மறுநாளே முகாம் முழுக்கப் பேச்சாகிவிடும். முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு அடையாளத்தை மறைத்துவிட்டதாக எண்ணாதீர்கள். குரலும் மூக்குத்தியும் பின்னால் தெரியும் கதவும் போதும், ஊருக்கு ஆளைக் காட்டிக்கொடுக்க. பதிவு எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்பதை அவருக்குப் புரியும் பேச்சில் சொல்லுங்கள், நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். ஆண்களும் இவ்வன்முறைக்கு ஆளாகியிருப்பதை, இலங்கை குறித்த 2015ஆம் ஆண்டு ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அவர்களிடமும் இதே கவனம் வேண்டும்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். பேட்டி முடிந்த இரவில் அந்தப் பெண் யாரை அழைக்கலாம், மறுநாள் எந்த மருத்துவரிடம் போகலாம் என்பதை ஏற்பாடு செய்துவிட்டு, அதன்பிறகு முதல் கேள்வியைக் கேளுங்கள்.