ஊட்டக்கேடு: பெரியவர்களுக்கும் வருமா?

டர்பன் பக்கம், நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ, ‘மால்நியூட்ரிஷன்’ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வயிறு உப்பி, கால் வீங்கிய குழந்தைதான். குழந்தைகளுக்கு வரும் அந்தக் கடும் ஊட்டக்குறை நோயின் பெயரான குவாஷியோர்கர் தென்னாப்பிரிக்காவில் அவ்வளவு பழக்கம். ஃப்ளூவோ கோவிடோ வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் அறுபது வயதுக்காரரின் சீட்டில் அதே சொல்லைக் கண்டால் வீட்டாருக்குச் சுருக்கென்று தைக்கிறது. “நாங்கள் சோறு போடாமலா விட்டோம்?” அவர் தொப்பையுள்ள ஆளாக இருந்துவிட்டால் யாரும் நம்பவே மாட்டார்கள்.

இந்தக் குழப்பத்தில் நம் மொழிபெயர்ப்புக்கும் பங்கு உண்டு. லத்தீனில் ‘மாலுஸ்’ என்றால் கெட்டது. ‘நூட்ரீரே’ என்றால் பாலூட்டுவது, ஊட்டி வளர்ப்பது. ஆப்பிரிக்கான்ஸில் சொல்லும் ‘வன்ஃபூடிங்’கிலும் ‘வன்’ கேட்டைத்தான் குறிக்கிறது. நாம் வழங்கும் ‘ஊட்டச்சத்துக் குறைபாடு’ குறைவை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனமோ குறை, மிகை, நுண்சத்துக் கோளாறு எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லில் அடக்குகிறது. ஆகவே பொதுச்சொல்லாக ‘ஊட்டக்கேடு’ என்பதே பொருத்தம். அதன் கீழே ஊட்டக்குறை, ஊட்டமிகை எனப் பிரித்துக்கொள்ளலாம். ‘உண்’ என்பதன் பிறவினை ‘ஊட்டு’. அதிலிருந்து வந்தது ஊட்டம். வாயில் போவது உணவு, உடம்பில் சேர்வதுதான் ஊட்டம்.

சேராமல் போவது எப்படி? காய்ச்சல் ஏற ஏற உடம்பு எரிக்கும் ஆற்றலும் ஏறும். மூச்சு வாங்குகிறவர் இரண்டு வாய் மென்றதும் களைத்துத் தட்டைத் தள்ளிவிடுவார். கோவிடில் மணமும் ருசியும் போய்விட்டால் மீன் குழம்பும் வெந்நீரும் அவருக்கு ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயை எதிர்க்கக் கிளம்பும் அழற்சி தசையைக் கரைத்துப் புரதத்தை எடுத்துக்கொள்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை அளந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், 10 நாளில் தொடையின் முன்தசை கிட்டத்தட்ட 18 விழுக்காடு சுருங்கியிருந்தது. இளைத்துப்போவது தொடைத் தசை மட்டுமல்ல. மூச்சு விடவும் இருமவும் உதவும் தசைகளும்தான். சளியை இருமித் தள்ள வலுவில்லாதவர் மீண்டு எழ நாளாகும்.

இதை ‘நோய்வழி ஊட்டக்கேடு’ என்று சொன்னால், பழி சமையலறை மேல் விழாது.

அடையாளம் காண ஒல்லியா குண்டா என்று பார்த்தால் போதாது. 2019-இல் பல நாட்டு ஊட்டவியல் சங்கங்கள் கூடி வெளியிட்ட வரையறைப்படி, ஆறு மாதத்துக்குள் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்து, கூடவே உணவு குறைந்திருந்தாலோ அழற்சி நோய் இருந்தாலோ அது ஊட்டக்கேடுதான். 90 கிலோ இருந்தவர் 85-க்கு இறங்கினால் கணக்கில் வந்துவிடுகிறார். பார்வைக்கு இன்னும் பருத்த ஆள்தான். மோதிரம் விரலில் கழன்று சுற்றும். சர்க்கரை நோய் மலிந்த நம் குடும்பங்களில் “உடம்பு குறைந்தது நல்லதுதானே” என்று மகிழ்வதைக் கேட்கும்போது எனக்குப் பதறுகிறது. அப்போது கரைந்தது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்.

பார்க்கப் போகிறவர்கள் ஃபிளாஸ்கில் ரசம் கொண்டுபோவது நம் வழக்கம். தொண்டைக்கு இதம், ஆனால் புரதம் அதில் இல்லையென்றே சொல்லலாம். வார்டில் கேட்டுக்கொண்டு கெட்டிப் பருப்பு, முட்டை, தயிர் எனக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவை ஊட்டவியலர்தான் சொல்ல வேண்டும். நோய்க்கு முன் என்ன எடை இருந்தார் என்பதை முதல் நாளே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.