ஏழு எழுத்துகள், 2.8 லட்சம் சொற்கள்

எழுத்துக் காய்களை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் உங்கள் கையில் ஏழு எழுத்துகள். ஏழும் வெவ்வேறாக இருந்தால், அவற்றை 5,040 விதமாக அடுக்கலாம். இரண்டெழுத்து முதல் ஏழெழுத்து வரை எல்லா நீளத்தையும் சேர்த்தால் 13,692. இவற்றில் எது ஆங்கிலச் சொல் என்று ஒவ்வொன்றாக அகராதியில் தேடுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அது வீண் உழைப்பு. கையிலுள்ள எழுத்துகளைக் கலைத்துக்கொண்டிருப்பதைவிட, அகராதியை முன்கூட்டியே வேறுவிதமாக அடுக்கிவைப்பதே நல்ல வழி.

தோசையையே எடுத்துக்கொள்வோம். வட அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலான ஸ்கிராபிள் போட்டிகளில் செல்லும் காலின்ஸ் பட்டியலில் சுமார் 2.8 லட்சம் சொற்கள் உள்ளன. அதில் தோசையும் உண்டு: டி, ஓ, எஸ், ஏ, ஐ. இந்த ஐந்தையும் ஆங்கில அகரவரிசையில் நிறுத்தினால் ஏ, டி, ஐ, ஓ, எஸ். விடைபெறும்போது சொல்லும் 'அடியோஸ்' என்ற சொல்லின் எழுத்துகளும் இதே வரிசைதான். 'லேர்ன்', 'ரீனல்' இரண்டையும் இப்படி நிறுத்தினால் ஏ, இ, எல், என், ஆர் என்று ஒன்றாகிவிடும். பட்டியலின் எல்லாச் சொற்களையும் ஒரே ஒரு முறை இப்படி வரிசைப்படுத்தி, ஒத்த வரிசை கொண்டவற்றை ஒரே தலைப்பின்கீழ் போட்டுவைத்தால் பாதி வேலை முடிந்தது.

இனி கையிலுள்ள ஏழு எழுத்துகளையும் அகரவரிசையில் நிறுத்துங்கள். அவற்றிலிருந்து இரண்டோ அதற்கு மேலோ பொறுக்கி எடுக்கும் வழிகள் மொத்தம் 120. ஆக, 13,692 தேடல் 120 ஆகச் சுருங்குகிறது. எழுத்துகளின் முன்பின் வரிசையைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டதால் கிடைத்த லாபம் இது. பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் மென்பொருள் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானதுதான். விடையை ஒப்பிப்பதோடு நிற்காமல் இந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வெற்றுக் காய் வந்தால் கதை மாறும். 100 காய்களில் இரண்டு வெற்று. எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒன்று கையில் இருந்தால் 26 வாய்ப்பு, இரண்டும் இருந்தால் 351. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தேடுவதைவிட, பட்டியலின் சொற்களை வரிசையாகப் பார்த்து 'இந்தச் சொல்லுக்கு என்னிடம் எத்தனை எழுத்து குறைகிறது?' என்று எண்ணுவது எளிது. குறைவது வெற்றுக் காய்களின் எண்ணிக்கைக்குள் இருந்தால் அந்தச் சொல் உங்களுடையது. கையில் ஆர், ஓ, எம், ஒரு வெற்றுக் காய் என்றால் 'ரூம்' என்ற சொல்லுக்கு இன்னொரு ஓ மட்டும் குறைகிறது; வெற்றுக் காய் அதை ஈடுகட்டும். இத்தனை லட்சம் சொற்களையும் இப்படிச் சரிபார்க்கச் சாதாரண கைபேசிக்கே கண்ணிமைக்கும் நேரம்தான் ஆகும்.

வேகம் இன்னும் வேண்டுமென்றால், சொல்லில் எந்தெந்த எழுத்து இருக்கிறது என்பதை 26 பிட்களில் குறித்துவைக்கலாம். பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் இடம்; ஓர் எழுத்துக்கு ஒரு பிட், இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. கையிலுள்ள எழுத்துகளையும் இப்படிக் குறித்து இரண்டு எண்களையும் ஒப்பிட்டாலே பொருந்தாத சொற்கள் உதிர்ந்துவிடும். ஆனால் 'ரூம்' என்ற சொல்லில் ஓ இரண்டு என்பது இந்த பிட்களுக்குத் தெரியாது. ஆகவே இதை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொண்டு, தேறியவற்றை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் ஆட்டத்திலும் இரட்டை எழுத்து ஆளைக் கவிழ்க்கும். அதில் சரியான இடத்தில் உள்ள எழுத்து பச்சை, வேறு இடத்தில் இருக்க வேண்டியது மஞ்சள், மற்றது சாம்பல். விடை 'லெமன்' என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 'லெவல்' என்று போடுகிறீர்கள். முதல் எல், முதல் இ இரண்டும் பச்சை. நான்காவது இடத்து இ, ஐந்தாவது இடத்து எல் இரண்டும் சாம்பல். சாம்பலைப் பார்த்ததும் எல் உள்ள சொற்களையெல்லாம் நீக்கும்படி நிரல் எழுதினால் விடையே போய்விடும். அந்தச் சாம்பல் சொல்வது, 'எல் ஒன்றே ஒன்றுதான்' என்பது. பச்சையையும் மஞ்சளையும் முதலில் கணக்கெடுத்து, சாம்பலைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

பைத்தான் நிரல்மொழியில் எழுதிப் பார்ப்பவர்களுக்கு: கோப்பிலிருந்து சொல்லைப் படிக்கும்போது வரிமுடிவுக் குறி அதோடு ஒட்டிக்கொண்டு வரும். வரிசைப்படுத்தும்போது அது முதல் இடத்துக்குப் போய்விடும்; பிறகு எந்தச் சொல்லும் பொருந்தாது. படித்தவுடனே அதை வெட்டிவிடுங்கள், எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்குங்கள். லினக்ஸ் இயங்குதளத்தோடு வரும் சொற்கோப்பில் ஆள்பெயர், ஊர்ப்பெயர், மேற்கோள் குறி உள்ள சொற்கள் எல்லாம் கலந்திருக்கும். ஸ்கிராபிளில் அவை செல்லாது.

கணினி இல்லாமலும் இது நடக்கும். போட்டி ஆட்டக்காரர்கள் பலர் காய்களை எடுத்ததும் அகரவரிசையில் அடுக்குகிறார்கள். சொற்களை மனப்பாடம் செய்வதும் அந்த வரிசையில்தான். அல்சூரிலோ சிவாஜிநகரிலோ வீட்டில் பிள்ளைகளோடு ஆடுகிறவர்கள் ஒரு நோட்டில் இடப்பக்கம் வரிசைப்படுத்திய எழுத்துகள், வலப்பக்கம் சொற்கள் என்று எழுதி, வலப்பக்கத்தை மூடிவைத்துச் சொல்லிப் பழகலாம். நீளமான சொற்களுக்கு முன்னால் இரண்டெழுத்துச் சொற்களை முடித்துவிடுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் கைகொடுப்பவை அவைதான்.