உதவித்தொகை நிற்கும் முன்பே வேலையைத் தேடுங்கள்

காப்புரிமை விண்ணப்பங்கள் தயாரிக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வருபவர்களில் நிறையப் பேர் பிஎச்டி முடித்தவர்கள். பெரும்பாலும் வைவா என்ற கடைசி வாய்மொழித் தேர்வு முடிந்து, கையில் காசும் தீர்ந்த பிறகுதான் வருகிறார்கள். ஆய்வு மாணவர்களுக்கு அரசு தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகை மொத்தமே 5 ஆண்டுகள். முதலில் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அது நின்றதும் வீட்டில் கேள்விகள் ஆரம்பித்துவிடும். அந்த நெருக்கடியில் கிடைத்த வேலையில் சேரத்தான் முடியும், பிடித்ததைத் தேட முடியாது. நான்காம் ஆண்டிலேயே தேடலைத் தொடங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வேதியியல் படித்த ஒரு பெண்ணின் பயோடேட்டா வந்தது. முழுக்க ஆய்வுக் கட்டுரைகளும் கருத்தரங்குகளும். பேச்சுக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, கலவையிலுள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியே துறையில் அவர் பொறுப்பில்தான் இருந்திருக்கிறது. பம்பில் அழுத்தம் ஏறினால் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பார். கொட்டேஷன் வாங்குவார், சர்வீஸ் ஆட்களிடம் மல்லுக்கு நிற்பார், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். இதில் ஒரு வரிகூட பயோடேட்டாவில் இல்லை! மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு ஆள் எடுப்பவர் முதலில் தேடுவதே இதைத்தான். என்ன தலைப்பில் ஆய்வு செய்தீர்கள் என்பது அப்புறம்.

எனக்கு நன்றாகத் தெரிந்த வழி பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு, அதாவது பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைத் தயாரித்துத் தாக்கல் செய்பவராவதற்கான தேர்வு. 21 வயது நிறைந்த இந்தியக் குடிமகனாக இருந்து, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வைத்திருந்தால் போதும், சட்டப் படிப்பு தேவையில்லை. இரண்டு எழுத்துத் தாள்கள், ஒரு நேர்முகத் தேர்வு. ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் அறிவிப்பு வரும்போது தயாராக இருப்பது முக்கியம். ஒரு கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா என்று பழைய ஆவணங்களைத் துருவுவதுதான் எங்கள் அன்றாட வேலை. ஆய்வு மாணவர்களுக்கு இது கைவந்த கலை. அரசுப் பணியில், காப்புரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் எக்ஸாமினர் ஆகவும் வாய்ப்புண்டு. 2023ல் 553 இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 35. ஆய்வேட்டை இழுத்துக்கொண்டே போகிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைக்க வேண்டும்.

உயிரித் தொழில்நுட்பத்தில் சொந்தமாக ஏதாவது தொடங்க நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் பைராக் அமைப்பு நடத்தும் பிக் என்ற நிதியுதவித் திட்டம் 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. சமூகவியல், பொருளியல் படித்தவர்கள் களஆய்வு, கேள்விப் பட்டியல் தயாரிப்பு, தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றில் தங்களுக்குள்ள அனுபவத்தைத் தனியாக எழுத வேண்டும். திட்ட மதிப்பீடு செய்யும் நிறுவனங்களுக்கு இது தேவை.

கைடிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பலர் தயங்குகிறார்கள். வேலை தேடப் போகிறேன் என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். மீதமுள்ள அத்தியாயங்களை எந்த மாதத்தில் தருவேன் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். ஆய்வேடு நின்றுவிடாது என்று தெரிந்துவிட்டால், பல கைடுகள் தங்களுக்குத் தெரிந்த நிறுவனங்களுக்கு அவர்களே போன் போட்டுச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.