சத்தம் நின்னா காந்தம் நிக்காது, கேட்டியளா

நாகர்கோவில்ல எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்குற வேலை எனக்கு. பதினோரு வருசமா இதே வாசல்ல நின்னு ஒரே விசயத்தைத்தான் சொல்லுகேன்.

போன வாரம் ஒரு அம்மாவுக்கு முதுகு ஸ்கேன் ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு, சத்தம் நின்னுட்டு, ஜெனரேட்டர் எடுக்குறதுக்குள்ள அவங்களை வெளிய கொண்டு வரலாம்னு நான் கதவைத் தொறந்தா பின்னாலயே மகன் ஓடி வந்துட்டாரு. ஆளு குலசேகரத்துல ரப்பர் வெட்டிட்டு நேரா வந்தவரு, பால் வெட்டுற கத்தி சாரத்து மடியில அப்படியே இருக்கு. மெஷின் பக்கம் நெருங்குனதும் கத்தி உருவிட்டுப் பறந்து, அம்மா முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி டங்குனு போய் ஒட்டிச்சு. அவரு கேக்காரு, "கரண்டுதான் இல்லியே?"

இதைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. 1820ல டென்மார்க்குல ஆர்ஸ்டெட் கம்பியில கரண்ட் விட்டாரு, பக்கத்துல இருந்த காம்பஸ் முள்ளு ஆடிச்சு, நிறுத்துனா பழைய இடத்துக்கே வந்துட்டு. ஸ்கூல்ல ஆணியில கம்பி சுத்தி குண்டூசி தூக்குனோமே, அதேதான். கரண்ட் நின்னா காந்தமும் நிக்கும்னு எல்லாரும் அங்கயே நின்னுட்டாங்க. 1911ல நெதர்லாந்துல காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரி வரை குளுர வச்சாரு, கரண்டுக்கு இருந்த தடை சுத்தமா காணாம போச்சு. எங்க மெஷினுக்குள்ள கம்பிச்சுருள் அதே குளிர்ல திரவ ஹீலியத்துல முங்கிக் கிடக்கு, மாட்டுன அன்னைக்கு இன்ஜினியர் ஏத்திவிட்ட கரண்ட் இன்னும் அதுல சுத்திட்டே இருக்கு, ஈபிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க கேக்குற டக்டக் சத்தம் வேற சுருள்களோடது, அது நின்னா படம் எடுக்குறதுதான் நிக்கும். ராத்திரியும் சரி, பொங்கல் லீவும் சரி, 1.5 டெஸ்லா (காந்த பலத்தை அளக்குற அளவு) அப்படியே இருக்கும், நம்ம ஊர்ல பூமிக்கு இருக்குற காந்தத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல. (அணைக்கலாம், ஹீலியம் பூரா வெளிய போயிரும், லட்சக்கணக்குல செலவு, ஆள் மாட்டிக்கிட்டாத்தான் அந்தப் பட்டன்ல கை வைப்போம்.)

அதனால கதவு தொறந்து கிடந்தாலும் உள்ள வராண்டாம். சாவி, போன், பெல்ட்டு, கொண்டை ஊசி எல்லாம் வெளிய. பேஸ்மேக்கர் இருந்தா, தலையில கிளிப் வச்ச ஆபரேசன் நடந்திருந்தா முதல்லயே சொல்லுங்க. அக்காமாரே, தாலியை கழட்ட மனசு வராதுன்னு தெரியும், தங்கத்தை அது இழுக்காது, ஆனா அதுல கோத்து வச்சிருக்க ஊக்கை இழுக்கும், ரெண்டையும் கழட்டி கூட வந்தவங்க கையில குடுத்துருங்க. படகு பட்டறையில கிரைண்டர் பிடிச்ச அண்ணன்மாரு, எப்பவோ கண்ணுல இரும்புத்தூள் விழுந்திருந்தா, "அது பத்து வருசம் முன்னாடில்லா"ன்னு விட்டுராதீங்க, ஒரு எக்ஸ்ரே பாத்துட்டு உள்ள போவோம்.