சாலைப் பராமரிப்பில் கவுன்சில்களின் கூட்டுப்பணி: எங்கே மிச்சம், எங்கே சிக்கல்

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் எல்லை முடிந்து அடுத்ததன் எல்லை தொடங்கும் இடத்தில், சாலையின் நிலை சட்டென்று மாறுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். இந்தப் பக்கம் புதிதாகத் தார் போட்டிருக்கும். அந்தப் பக்கம் பழைய ஒட்டுகளும் புதிய பள்ளங்களுமாக இருக்கும். மோட்டார்வேக்களையும் முதன்மையான ஏ சாலைகளையும் நேஷனல் ஹைவேஸ் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. நாட்டின் போக்குவரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவற்றின் மீது ஓடினாலும், நீளத்தில் அவை 2 விழுக்காடு அளவே. மீதமுள்ள சாலைகள் எல்லாம் ஏறத்தாழ 150 கவுன்சில்களின் கையில் உள்ளன. 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு அவற்றைப் பராமரிக்கும் கடமையை அந்தந்தக் கவுன்சிலின் மீது சுமத்துகிறது. இந்தத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில், கவுன்சில்கள் சேர்ந்து செயல்படுவதால் உண்மையில் எது மிச்சமாகிறது, எது மிச்சமாவதில்லை என்பதைக் குடியிருப்போர் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

முதலில் பற்றாக்குறையின் அளவைச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளூர்ச் சாலைகளில் தேங்கிக் கிடக்கும் பழுதுகளை எல்லாம் சரிசெய்ய 1,681 கோடி பவுண்டு தேவை என்று அஸ்பால்ட் தொழில் கூட்டமைப்பின் 2025 ஆய்வு மதிப்பிட்டது. அது தார்க்கலவை விற்போரின் அமைப்பு என்பதை மனத்தில் வைத்தே அந்தத் தொகையைப் படிக்க வேண்டும். ஆனாலும் தேக்கம் வளர்கிறது என்பதைக் களத்தில் நிற்கும் எவரும் மறுக்கமாட்டார்கள். கூட்டுப்பணியால் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. இருக்கும் பணத்தில் இன்னும் சில மைல்களைக் காப்பாற்ற அது உதவும், அவ்வளவே.

பல கவுன்சில்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் தார்க்கலவை மலிவாகக் கிடைக்கும் என்பது பலரும் நினைப்பது. அதில் பெரிய இலாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சூடான கலவை ஆறுவதற்குள் விரிக்கப்பட வேண்டும் என்பதால் அதை நெடுந்தொலைவு கொண்டுபோக முடியாது. அருகிலுள்ள ஆலை எது என்பதே பெரும்பாலும் விலையைத் தீர்மானிக்கிறது. மிச்சம் வேறு இடங்களில் இருக்கிறது. ஒரு பெரிய ஒப்பந்தத்துக்கான ஆவணங்களைத் தயாரித்து, விலைப்புள்ளி கோரி, மதிப்பிட்டு, கையெழுத்திடுவதற்கு மாதக்கணக்கில் பொறியாளர், வழக்கறிஞர், கணக்கர் ஆகியோரின் உழைப்பு செலவாகிறது. நான்கு கவுன்சில்கள் அதைத் தனித்தனியாக நான்கு முறை செய்வதற்கு எந்த அவசியமும் இல்லை. 2007-இல் உருவான மிட்லண்ட்ஸ் நெடுஞ்சாலைக் கூட்டணி இந்த இடத்தில்தான் பயன்பட்டது: ஒருமுறை போட்டி நடத்தி ஒப்பந்ததாரர்களைத் தேர்ந்து வைத்துவிட்டு, உறுப்பினர்கள் தத்தம் பணிகளை அதன் வழியே கொடுத்தார்கள்.

அடுத்தது, ஆண்டின் பெரும்பகுதி சும்மா நிற்கும் கருவிகளும், எண்ணிக்கையில் குறைந்த வல்லுநர்களும். பாலங்களைச் சோதிக்கும் பொறியாளரைச் சிறிய கவுன்சில் ஒன்றால் முழுநேரமாக வைத்துக்கொள்ள இயலாது. மூன்று கவுன்சில்கள் சேர்ந்தால் இயலும். சாலையின் மேல் தார்க்குழம்பைத் தெளித்துச் சிறுகல் பரப்பும் பணியையும் இங்கே சொல்ல வேண்டும். நீர் உட்புகாமல் தடுத்து, பள்ளம் விழுவதற்கு முன்பே சாலையின் ஆயுளை நீட்டிக்கும் மலிவான முறை அது. ஆனால் வெப்பமும் உலர்வும் உள்ள சில மாதங்களில் மட்டுமே அதைச் செய்ய முடியும். ஒவ்வொரு கவுன்சிலும் அதே குழுவைத் தனக்கு வசதியான வாரத்தில் அழைத்தால், குழு இங்குமங்கும் அலைந்து, வந்து இறங்குவதற்கும் கிளம்புவதற்குமே கட்டணம் வாங்கிக்கொண்டிருக்கும். அண்டைக் கவுன்சில்கள் பணிப்பட்டியலைக் குளிர்காலத்திலேயே ஒன்றாக உட்கார்ந்து வகுத்தால், அந்தக் குழு ஒரு மூலையில் தொடங்கி இடைவெளியின்றி நகர்ந்துபோக முடியும்.

பனிக்கால உப்புத் தூவலில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். பனியும் உறைவும் போக்குவரத்துக்கு ஆபத்தாகாமல் இயன்றவரை பார்த்துக்கொள்ளும் கடமை 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே 41-ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. வழக்கமான உறைபனி இரவில் சதுர மீட்டருக்கு 10 முதல் 20 கிராம் வரை உப்புத் தூவும் ஒரு வண்டி எல்லைவரை வந்து, திரும்ப இடம் தேடி, தூவாமலேயே வந்த வழியில் திரும்பும். சற்று நேரத்தில் அடுத்த கவுன்சிலின் வண்டி எதிர்ப்புறமிருந்து வந்து அதையே செய்யும். சில மைல்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டால் இரண்டு வெற்றோட்டங்களும் ஒழியும். ஆனால், ஒரு கவுன்சில் இன்றிரவு தூவலாம் என்று முடிவெடுத்து, மற்றது வேண்டாம் என்று முடிவெடுத்தால், மாற்றிக்கொண்ட துண்டுக்கு யாருடைய முடிவு பொருந்தும்? இதை எழுத்தில் வைக்காத ஏற்பாடு முதல் விபத்திலேயே உடைந்துபோகும். 2009–10 குளிர்காலத்தில் நாடெங்கும் உப்புக் கையிருப்பு அபாயகரமாகக் குறைந்து, தூவும் அளவையே குறைக்க நேர்ந்தது. அதன்பின் 2010-இல் வெளிவந்த, குளிர்காலத் தயார்நிலை பற்றிய குவார்ம்பி ஆய்வறிக்கை கையிருப்பைப் பற்றி விரிவாகப் பேசியது. அத்தகைய நெருக்கடியில் உப்பைக் கடனாகக் கொடுக்கும் அண்டைக் கவுன்சில், அதற்கு முன்பே பேச்சும் பழக்கமும் உள்ள கவுன்சிலாகவே இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கருதுவது பொதுவான அளவுகோலைத்தான். எவ்வளவு ஆழமான குழியைப் பள்ளம் என்று ஏற்றுப் பழுதுபார்க்க வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. பல கவுன்சில்கள் வண்டிப்பாதையில் 40 மில்லிமீட்டரைத் தொடக்க அளவாகக் கொள்கின்றன. எத்தனை நாளில் மூட வேண்டும் என்பதும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இரண்டு கவுன்சில்கள் ஒரே ஒப்பந்ததாரரை வைத்துக்கொண்டு இரண்டு அளவுகோல்களையும் தொடர்ந்தால், அதே குழு இரண்டு கையேடுகளையும் இரண்டு பதிவுமுறைகளையும் சுமந்து திரியும். எதிர்பார்த்த மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். சாலைப் பராமரிப்புக்காக 2016-இல் வெளிவந்த தேசிய நடைமுறைக் கோவை தன் 36 பரிந்துரைகளில் ஒன்றில், கொள்கை வகுக்கும்போது அடுத்துள்ள சாலை அமைப்புகளின் அணுகுமுறையையும் கருதவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனாலும் கவுன்சில்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. இழப்பீட்டு வழக்குகளில் நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 58-ஆம் பிரிவு தரும் தற்காப்பு, தகுந்த கவனத்துடன் செயல்பட்டதைக் கவுன்சில் மெய்ப்பிப்பதைச் சார்ந்திருக்கிறது; அங்கே பேசுவது ஆய்வுப் பதிவேடுகளும் அது தானே ஏற்ற கொள்கையும்தான். கொள்கையை மாற்றுவதற்கு வழக்கறிஞர்கள் அஞ்சுவது இயல்பு. அதனால்தான் அளவுகோலை ஒன்றாக்கும் வேலையை முதலில் செய்ய வேண்டும், ஒப்பந்தத்தைப் பிறகு சேர்க்கலாம் என்கிறேன்.

முழுமையாக இணைந்த எடுத்துக்காட்டுகளும் உண்டு. சாலைச் சட்டம் வேறாக உள்ள ஸ்காட்லாந்தில், கிழக்கு அயர்ஷயரும் தெற்கு அயர்ஷயரும் 2014-இல் அயர்ஷயர் சாலைக் கூட்டணி என்ற ஒரே சேவையாக இயங்கத் தொடங்கின. ஆங்கஸ், டண்டீ, பெர்த் அண்ட் கின்ராஸ் ஆகிய மூன்று கவுன்சில்களுக்கும் டேசைட் கான்ட்ராக்ட்ஸ் 1996 முதல் பணிசெய்து வருகிறது. இங்கிலாந்திலும் இதற்குச் சட்டத் தடை இல்லை. ஒரு கவுன்சில் தன் பணியை இன்னொன்றின் வழியே நிறைவேற்ற 1972-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் தம் பகுதி மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தந்தக் கவுன்சிலர்களே.

நடைமுறையில் கூட்டு முயற்சிகள் பெரும்பாலும் சட்டத்தால் நிற்பதில்லை, தேதிகளால் நிற்கின்றன. ஒரு கவுன்சிலின் ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடியும். பக்கத்துக் கவுன்சிலினுடையது முடிய இன்னும் ஐந்தாண்டு இருக்கும். முடிவுத் தேதிகளை ஒரே நேரத்துக்குக் கொண்டுவர எவரேனும் முன்கூட்டித் திட்டமிடாவிட்டால் நல்லெண்ணம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. செலவைப் பகிர்வதும் சிறிய சிக்கல் அன்று. சாலையின் நீளத்தை மட்டும் வைத்துப் பங்கிட்டால், சாலைகளை நன்றாக வைத்திருக்கும் கவுன்சில் மற்றதன் பழுதுகளுக்குப் பணம் கட்டுவதாக உணரும்; செய்த வேலையின் அளவைப் பதிவுசெய்து அதன்படி பிரிப்பதே நீடித்து நிற்கும். இரண்டடுக்கு நிர்வாகம் உள்ள பகுதிகளில் இணக்கம் ஒரே எல்லைக்குள்ளேயே தேவைப்படுகிறது: சாலையோர வடிகாலைச் சுத்தம் செய்வது கவுண்டி கவுன்சில், அதன் மேல் விழும் இலைகளைப் பெருக்குவது மாவட்டக் கவுன்சில். இரண்டின் கால அட்டவணையும் ஒத்துப்போகாத இலையுதிர்காலத்தில் நீர் தேங்குகிறது. தேங்கிய நீர் குளிர்காலத்தில் பள்ளமாகிறது.

அண்டைக் கவுன்சிலின் சாலைகளிலும் போக்குவரத்துத் தடையின்றி நகர உதவ வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டுப் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே எல்லையருகே சாலை தோண்டப்பட்டு, மாற்றுவழியும் அதே வாரத்தில் அடைபட்டிருந்தால், இரண்டு கவுன்சில்களிடமும் காரணம் கேட்கலாம். பள்ளம் எல்லைமீது இருந்தால் இரண்டு இணையதளங்களிலும், மிக அருகிலுள்ள வீட்டு எண்ணையோ விளக்குக் கம்ப எண்ணையோ குறிப்பிட்டுப் புகார் பதிவுசெய்யுங்கள். கூடுதல் நிதியை முழுமையாகப் பெற, சாலைப் பணத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்ற அறிக்கையை 2025 ஜூன் 30-க்குள் வெளியிட வேண்டும் என்று இங்கிலாந்தின் கவுன்சில்களிடம் அரசு கோரியது. உங்கள் கவுன்சிலின் அறிக்கையைத் தேடிப் படித்து, முன்தடுப்புப் பராமரிப்புக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். பிறகு இப்போதைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, பக்கத்துக் கவுன்சிலினுடையது எப்போது முடிகிறது, அதைப் பற்றி இருவரும் பேசியிருக்கிறார்களா என்ற கேள்விகளை உங்கள் கவுன்சிலருக்கு எழுதி அனுப்புங்கள்.